ஐ.ஜி. வருவதற்கு முன்

ஐ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் என்று சொன்னால் அரியலூரில் எல்லோரும் போலீஸ் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டில் பைக் திருடு போனபோது அந்த அம்மா ஓடிவந்து, "அக்கா, ஒரு போன் போட்டு வுடுங்களேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் இருந்தது எல்லையைக் காக்கும் படை, எங்கள் ஐ.ஜி. வேறு ஐ.ஜி. என்று விளக்குவதற்குள் அவர் முகம் வாடிவிட்டது. பைக்கைத் தேடாத ஐ.ஜி. வேறு என்னதான் செய்வார் என்று கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

போன மாதம் ஷகிலா கூப்பிட்டாள். பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண், எனக்குப் பிறகு அதே ஆபீஸில் ஸ்டெனோவாக இருக்கிறாள். "மேடம், இனிமே ஜவான்களோட குறையெல்லாம் போன்ல, ஆப்ல போட்டாப் போதுமாம். புதுசா வந்த பிள்ளைங்களுக்கு தர்பாருன்னா என்னன்னே தெரியல. நீங்கதான் ஐ.ஜி. சார் கூடவே சுத்துனவங்களாச்சே, எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எதுக்கு வாசலுக்கும் கொல்லைக்குமா நடந்துகிட்டே இருக்க? உக்காந்து எழுதேன்" என்கிறார் என் கணவர். உட்கார்ந்தால் ஒரு முகம் வந்து நிற்கிறது. எழுந்து நடந்தால் இன்னொன்று.

நான் வரதராஜன்பேட்டையில் பிறந்தவள். வீட்டில் பாதிப் பேர் விவசாயம், பாதிப் பேர் வாத்தியார். டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து இரண்டும் படித்து, பரீட்சை எழுதி, படையின் அலுவலகப் பிரிவில் சேர்ந்தேன். துப்பாக்கியைப் பிடித்தது பயிற்சியில் மட்டும்தான். இந்தியைச் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டேன். பல ஊர் ஆபீஸ்களில் ஃபைல் தூக்கியபின், ராஜஸ்தான் பாலைவனத்துப் பக்கம் ஓர் ஐ.ஜி.யின் ஸ்டெனோவாகப் போட்டார்கள். என் வேலைக்காலம் என்று நான் நினைப்பது அதற்குப் பிறகு வந்ததைத்தான்.

எங்கள் ஐ.ஜி.யின் கீழ் பல பட்டாலியன்கள். ஒவ்வொன்றையும் வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ச் சோதிக்க வேண்டும். ஆயுதம், வண்டி, சமையற்கட்டு, கக்கூஸ், ஆஸ்பத்திரி எல்லாமே அதில் சேர்த்தி. அவற்றைவிடப் பெரியது தர்பார். ஜவான்கள் எல்லோரையும் தரையில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்து, "யாருக்காவது குறை உண்டா?" என்று ஐ.ஜி. கேட்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து, தன் பட்டாலியனின் தலைவரான கமாண்டன்ட் மேலேயே புகார் சொல்லலாம். சொன்னவனை யாரும் பழிவாங்காமல் பார்த்துக்கொள்வதும் ஐ.ஜி.யின் பொறுப்பு. சட்டம் அப்படி. நடப்பில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் சார் மலைநாட்டுக்காரர், குள்ளம். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எந்த பட்டாலியனுக்குப் போனாலும் தயாராக வைத்திருக்கும் பாதையில் நடக்க மாட்டார். சுண்ணாம்பு அடித்த கற்கள் ஒரு பக்கம் வரிசையாக இருந்தால் மறுபக்கம் போவார். ஜவான்கள் தூங்கும் கூடத்துக்குள் நுழையுமுன் பூட்ஸைக் கழற்றுவார். "இது அவர்கள் படுக்கும் இடம்" என்பார். ஓரிடத்தில் புத்தம் புதுக் குழாய்கள் பளபளவென்று வரிசையாக இருந்தன. ஒன்றைத் திருகினார், தண்ணீர் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். குழாய்க்குப் பின்னால் பைப்பே கிடையாது. கமாண்டன்டின் முகம் செத்துவிட்டது. சார் என்னிடமிருந்த பாட்டிலை வாங்கிக் கை கழுவிவிட்டு, "தண்ணீர் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள், மறுபடியும் வருகிறேன்" என்றார். அதே மாதிரி மறுபடியும் போனோம்.

தர்பாரில் அவர் வழக்கமும் அப்படித்தான். குறை உண்டா என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். மற்ற அதிகாரிகள் கேட்ட மூச்சிலேயே, "குறையில்லை, நல்லது, ஜெய் ஹிந்த்" என்று முடித்துவிடுவார்கள். இவர் நிற்பார். இருமல் சத்தம் கேட்கும். யாராவது கால் மாற்றி உட்காருவார்கள். கமாண்டன்ட் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த மௌனம் தாங்க முடியாமல் போகும் நேரத்தில் பின்வரிசையில் ஒருவன் எழுவான். அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே யாரையும் பேச விடமாட்டார். பிறகு தனி அறையில் அவனைத் தனக்குச் சமமான நாற்காலியில் உட்காரவைப்பார். அறையில் அவர், அவன், எழுதுவதற்கு நான், மூன்று பேர்தான். முதலில் அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "முழுதாகக் கேட்பேன். நீ சொன்னது மாறாமல் எழுதப்படும். என்ன நடக்கும் என்று இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன்." எனக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், "வாக்குக் கொடுக்கும் அதிகாரம் நமக்கில்லை. கொடுத்தால் அவன் நாம் விரும்புவதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவான்."

அப்படி ஒரு தர்பாரில்தான் கொளஞ்சிநாதன் எழுந்தான்.

ஒரு கோடைக்கால ஆய்வு அது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்த பட்டாலியனில் பிரதீப் என்ற பீகார் ஜவான் இறந்திருந்தான். "வழக்கமான பயிற்சியின்போது வெப்பத்தாக்கு" என்று அவர்களே விசாரித்து அறிக்கை அனுப்பியிருந்தார்கள். சார் குறை கேட்டுவிட்டு நின்றபோது, நடு வரிசையிலிருந்து கறுத்து மெலிந்த ஒருவன் எழுந்து உடைந்த இந்தியில் சொன்னான்: "சாப், பிரதீப் எப்படிச் செத்தான் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை."

கமாண்டன்ட் பாதி எழுந்தார். சார் கையை மட்டும் அசைத்தார். கமாண்டன்ட் உட்கார்ந்துவிட்டார்.

தனி அறையில் இந்தி அவனுக்குக் கைகொடுக்கவில்லை. "தமிழ்ல சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்" என்றேன். சட்டென்று நிமிர்ந்தான். "எந்தூரு மேடம்?"

"வரதராஜன்பேட்டை."

"அட, பேட்டையா! நமக்கு ஜெயங்கொண்டத்துக்கு அந்தாண்ட மேடம்."

பிரதீப் அவனுக்குப் பக்கத்துக் கட்டில்காரன். அன்று காலையிலேயே உடம்பு அனலாகக் கொதித்தது. உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் கொடுக்கப் போனான். கமாண்டன்டுக்குக் கீழே இருந்த கம்பெனி கமாண்டர், "ஒருவனும் குறையக்கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெயிலில் நின்றான், விழுந்தான். இவ்வளவையும் நான் மொழிபெயர்த்தேன். சார் கேட்டார்: "அன்று மட்டும் ஏன் ஒருவனும் குறையக்கூடாது?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன். கொளஞ்சி சாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கீழே பார்த்தான். "அத இவருகிட்ட எப்புடி மேடம் சொல்றது? லீவு போட்டுருக்கேன். போயிட்டு வந்து சொல்றேன்" என்றான். சார் வற்புறுத்தவில்லை. மறுநாள் லீவில் போனவன் திரும்பி வரவேயில்லை.

லீவு முடிந்து நாட்கள் ஓடின. வீட்டுக்குப் போட்ட போனை யாரும் எடுக்கவில்லை. அவனை ஓடிப்போனவன் என்று அறிவித்துவிடலாம் என்று பட்டாலியன் எழுதியது. அறிவித்துவிட்டால் வேலை போகும், பென்ஷன் போகும், போலீஸ் வந்து பிடிக்கும். அவன் சொல்வதற்கும் மதிப்பில்லாமல் போய்விடும். சார் என்னைக் கூப்பிட்டார். "உன் ஊர்க்காரன். சீருடையில் போகாதே. அவன் ஓடிப்போனவனா, துரத்தப்பட்டவனா, பார்த்துவிட்டு வா."

ஜெயங்கொண்டத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போனேன். சாலையின் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. அவர்கள் வீடு தோப்பை ஒட்டிய தெருவில் இருந்தது. அப்பா காலம்வரை பிறர் தோப்பில் கூலிக்குப் போன குடும்பம். இப்போது அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார், தம்பி கொளஞ்சி படையில் என்று தலைநிமிர்ந்த வீடு. வாசலில் ஒரு பெண் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. கொளஞ்சியின் மனைவி பரமேஸ்வரி. நான் படையின் பெயரைச் சொன்னதும் கை நின்றுவிட்டது.

"அவரு வூட்ல இல்லீங்க."

"எங்க இருக்காரும்மா?"

"தெரியாதுங்க. நீங்க புடிச்சிக்கிட்டுப் போக வந்திருக்கீங்களா?"

"பேச வந்திருக்கேன். நானும் இந்தப் பக்கம்தான், பேட்டை."

அவள் என் கழுத்துச் செயினில் இருந்த சிலுவையைப் பார்த்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நேராக முன்னால் வந்து நின்றாள். "அப்பன்னா ஏலாக்குறிச்சி மாதா மேல சத்தியம் பண்ணுங்க. அவரு வந்து உண்மையச் சொன்னா அவருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்க. இப்பவே எங்க இருக்காருன்னு சொல்றேன்."

சத்தியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சின்னப் பெண். நானும் வெகுதூரம் வந்திருந்தேன். ஆனாலும், "சத்தியம் பண்ண மாட்டேம்மா" என்றேன். "அவரு சொல்றத முழுசா கேப்போம். ஒரு வார்த்தை மாத்தாம எழுதுவேன். நாளாக ஆக அவருக்குத்தான் கஷ்டம். இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்பறம் எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?"

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்ததும், "ஆலத்தியூர்ல சிமெண்டு லாரியில இருக்காரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள்.

ஆலத்தியூரில் சிமெண்டு ஆலை வாசலில் லோடுக்காக லாரிகள் வரிசைகட்டி நின்றன. புருவம், மீசையெல்லாம் சிமெண்டுத் தூள் படிந்த ஒருவன் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டான். ஓடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். கீழே குதித்து, "வாங்க மேடம், டீ சாப்பிடுங்க" என்றான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்: "அன்னிக்கு எதுக்கு யாரும் குறையக்கூடாதுன்னாங்க?"

"அது வழக்கமான பயிற்சி இல்ல மேடம். ஒத்திகை."

"என்ன ஒத்திகை?"

"உங்க சாரு வராருன்னுட்டு." டீயை ஊதிக்கொண்டே சொன்னான். "ஐ.ஜி. வராரு, ஐ.ஜி. வராருன்னு வாரக்கணக்கா அதேதான். காலைல பரேடு, அப்பறம் கல்லுக்குச் சுண்ணாம்பு, மறுக்கா பரேடு. வரிசையில ஓட்டை வுழக்கூடாதுன்னு காய்ச்சக்காரனக் கொண்டாந்து நிக்க வெச்சாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். தண்ணி, தண்ணின்னான். அசையக்கூடாதுன்னு உத்தரவு. நானும் அசையல. இத அந்த மனுசன் மூஞ்சியப் பாத்து எப்புடி சொல்லுவேன்? நல்ல மனுசனா வேற இருக்காரு. எந்திரிச்சுப் பேசுன அன்னிக்கே பசங்க சொல்லிட்டாங்க, 'ஐ.ஜி. மேலயே சாட்சி சொல்லப் போறியாடா, உன்ன உசுரோட வுட மாட்டாங்க'ன்னு."

டீ ஆறிப்போயிருந்தது. நான் சொன்னேன்: "நான் போயி அவருகிட்ட சொல்றேன். நீங்க சொன்ன வார்த்தையிலயே சொல்றேன்."

"அவரு மூஞ்சியப் பாத்தா?"

"ஆமா."

"அப்பறம் என்ன ஆவும்?"

"தெரியாது."

முதன்முறையாகச் சிரித்தான். "தெரியாதுன்னு சொன்ன ஆபீஸரு நீங்கதான் மேடம்" என்றான்.

திரும்பிப் போகும் ரயிலில் இரண்டு நாளும் எப்படித் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் யோசித்தது எதையும் சொல்லவில்லை. சாரின் முன்னால் நின்று, கொளஞ்சியின் வார்த்தைகளை அப்படியே இந்தியில் ஒப்பித்தேன். "உங்க சாரு வராருன்னுட்டு" என்ற இடத்தில் அவர் கையிலிருந்த பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். நான் முடித்ததும், "ஒத்திகை என்றானா? அந்தச் சொல்லையேவா?" என்று கேட்டார்.

"அந்தச் சொல்லையேதான் சார்."

எழுந்து ஜன்னலோரம் போனார். வெளியே எங்கள் ஆபீஸ் வாசலிலும் சுண்ணாம்பு அடித்த கற்கள் இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பாமலே, "எழுது" என்றார்.

தலைமையகத்துக்கு ஒரு கடிதம் சொன்னார். பிரதீப்பின் மரணத்தை மறுபடி விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையைத் தானோ, தனக்குக் கீழ் உள்ளவர்களோ நடத்தக்கூடாது. தனக்குச் சம்பந்தமில்லாத வெளி அதிகாரி வர வேண்டும். கடைசியில், விசாரிக்கப்பட வேண்டியவர்களின் பெயர்களைச் சொன்னார். நான் கம்பெனி கமாண்டரிலிருந்து தொடங்கினேன்.

"இல்லை. முதலில் என் பெயர்" என்றார்.

"சார், நீங்க பரேடு வைக்கச் சொல்லலையே."

"வைக்காதே என்றும் சொல்லவில்லை. தேதியை முன்கூட்டி அனுப்பியது யார்? அந்தத் தேதிக்கும் நான் போவதற்கும் நடுவில் அங்கே என்ன நடக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா? எழுது."

எழுதினேன். கம்பெனி கமாண்டருக்கு மேலே அவர் பெயரைப் போட்டேன்.

வேறு மாநிலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கொளஞ்சியும் தானாகவே ரயிலேறி வந்து சேர்ந்தான். விருத்தாசலம் ஸ்டேஷன் வரை பரமேஸ்வரி கூட வந்து ஏற்றிவிட்டாளாம். சாரை விசாரித்தபோது என்னை அறைக்குள் விடவில்லை. அவருடைய ஸ்டெனோ அவருடைய வாக்குமூலத்தை எழுதக்கூடாது, சரிதானே. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும்போது தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு வந்தது. மரணத்துக்குக் காரணம் அலட்சியம் என்று திருத்தி எழுதினார்கள். கம்பெனி கமாண்டர் பதவி மூப்பை இழந்தார், கமாண்டன்ட் மாற்றப்பட்டார். லீவு கடந்து தங்கியதற்காகக் கொளஞ்சிக்கும் படைக் காவலில் சில நாள் தண்டனை. புது கமாண்டன்ட் சட்டப்படி கொடுத்த தண்டனை அது. சார் நினைத்தால் குறைத்திருக்கலாம். நான் வாய்விட்டே கேட்டேன். "எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவன். அவனுக்கு நான் தண்டனையும் கொடுக்கக்கூடாது, சலுகையும் கொடுக்கக்கூடாது. இரண்டுமே விலை பேசுவதுதான்" என்றார். நியாயம் என்றுதான் அன்று பட்டது. இன்றும் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால் பரமேஸ்வரி போன் செய்தாள். "முழுசா கேட்டீங்க, மாத்தாம எழுதுனீங்க. எல்லாம் சரிதான். உள்ள போயி உக்காந்தது எங்க வூட்டுக்காரருதானே?" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. கொளஞ்சி பென்ஷனுக்கான வருஷங்களை முடித்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்துவிட்டதாகக் கேள்வி.

கடைசியாக நடந்ததை எழுதத்தான் இத்தனை நாள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன் போலிருக்கிறது.

விசாரணை முடிந்தபின் பிரதீப்பின் அப்பாவை வரவழைத்து முடிவைச் சொன்னார்கள். மெலிந்த விவசாயி. தோளில் துண்டு, காலில் புது ரப்பர் செருப்பு. யாராவது ஓர் அதிகாரி படித்துக் காட்டினால் போதும் என்றுதான் விதி. சார் அவரைத் தன் அறைக்குக் கூட்டிவரச் சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்தார். என்னையும் இருக்கச் சொன்னார். "உங்கள் மகன் காய்ச்சலோடு வெயிலில் நிறுத்தப்பட்டான். நான் பார்வையிட வருவதற்கான ஒத்திகை அது" என்றார்.

பெரியவர் தலையை ஆட்டினார். சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பிறகு கேட்டார்: "வரிசையில் ஒழுங்காக நின்றானா, சாப்?"

"நான் பார்க்கவில்லை" என்றார் சார்.

"நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதானே நின்றான்" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். சார் எழுந்து அவரோடு வெளி கேட் வரை நடந்து போய், ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்தார். அதன்பிறகு எந்த பட்டாலியனுக்கும் தேதி சொல்லி நாங்கள் போகவில்லை. விடிந்ததும் சார் வண்டியில் ஏறுவார், நானும் ஏறுவேன், டிரைவருக்கே பாதி வழியில்தான் ஊர் தெரியும். அடுத்த பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

போன வாரம் பெரம்பலூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு சிறுவாச்சூருக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரம் ஒரு பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். யாரோ விருந்தினர் வருகிறாராம், கையில் பூத்தட்டு. உச்சி வெயில். ஒரு சின்னப் பெண் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். என்னையும் அறியாமல் எழுந்து, "நிறுத்துங்க, எறங்கணும்" என்று கத்திவிட்டேன். கண்டக்டர் திட்டிக்கொண்டே விசிலடித்தார்.

தலைமை ஆசிரியரிடம் போய், "சார், பிள்ளைங்கள நிழலுக்கு அனுப்புங்க" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"யாரும் இல்லீங்க. வெயில் சுடுது, அனுப்புங்க."

"இதோ வந்துருவாருங்க, அஞ்சே நிமிஷம்."

"வரட்டும். வந்தப்பறம் கூப்பிட்டுக்கலாம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போகவில்லை. வரிசையில் அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கடைசியில் சலித்துக்கொண்டே விசிலை ஊதி, "எல்லாம் மரத்தடிக்குப் போங்க" என்றார்.

பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். விருந்தினரின் கார் வெகுநேரம் கழித்து வந்தபோது வாசலில் வெயிலில் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான், தலைமை ஆசிரியரும் நானும்.